பிள்ளையின் கையில் கொடுப்போம். பக்கத்தில் இருக்க நேரமும் கேட்போம்

(வன்னியில் குடியேறி வாழும் மலையகத் தொழிலாளர் குடும்பங்களின் தாய்மார் மத்தியில், கிளிநொச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மாரே, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாயிமாரே, அப்பாயிமாரே,

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், காணி உறுதி, சேமலாப நிதி என்றுதான் பேச்சு இருக்கும். இன்றைக்குக் குழந்தைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சில ஆண் தோழர்கள் எழும்பப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இருங்கள். இதுவும் சம்பளப் பேச்சுத்தான். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம், ஜெயபுரம் என்று இந்தப் பக்கத்தில் வாழ்கிற நம் சனங்களில் பெரும்பாலானோரின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. 1958 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1973, 1974 பஞ்சத்தில் லயத்தை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1977 கலவரத்தில் ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே பிரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை. ஆனால் விடியக் காலையில் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாயின் அவசரம் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதார அளவீட்டில் ஒரு கணக்கு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 100க்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்பகுதியில் மட்டும் எடுத்தால் 100க்கு ஏறத்தாழ 32 பேர். தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, கண்ணால் காண்பது. அந்தப் பிள்ளைகளின் உயரம் முதலாம் வகுப்பில் குறையவில்லை. முதல் இரண்டு வயதுக்குள், அதிலும் பாலோடு சாப்பாடு தொடங்குகிற மாதங்களில், குறைந்துபோனது.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். இதைக் கிளினிக்கில் மிட்வைப் மிஸி உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆறு மாதத்துக்குப் பிறகு பால் மட்டும் போதாது. பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் தீரத் தொடங்குகிறது. அதைச் சாப்பாட்டில்தான் கொடுக்க வேண்டும். பால் நிற்கக் கூடாது; இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

சரி, நம் வீடுகளில் பிள்ளையின் கையில் முதலில் என்ன கொடுக்கிறோம்? பிஸ்கட். அதையும் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிறோம். தேயிலையோடு இத்தனை தலைமுறை வாழ்ந்த சனம் நாம், தேத்தண்ணி இல்லாமல் நமக்கு விடியாது. ஆனால் அது பெரியவர்களுக்கு. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் மறிக்கும். பிஸ்கட்டில் மாவும் சீனியும்தான் அதிகம். இரண்டும் சேர்ந்து அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிவிட்டால் சோற்றுக்கும் கீரைக்கும் இடமில்லை. பிள்ளை அழாமல் இருக்கும். வளர்ச்சிக்கு வேண்டியது கிடைக்காது.

வன்னியில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது, பல்லுக்கொழுக்கட்டை. முதல் பல் முளைத்ததும் பிள்ளையை உட்கார வைத்து, தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை! அடுத்த நாள் சோற்றுக் கோப்பைக்கு அதே கை வந்தால், பிடித்து மடக்கி வைத்துக்கொண்டு ஊட்டுகிறோம். இங்கே ‘தீத்துவது’ என்பார்கள். ஊட்டுவது தவறல்ல, அது தேவை. அதோடு, பிள்ளை தானாக எடுத்துச் சாப்பிடவும் இடம் விட வேண்டும். பிடிக்க, வாயைத் தேடிக் கொண்டுபோக, மெல்ல, போதும் என்று நிறுத்த அது அப்படித்தான் பழகும்.

எப்போது தொடங்கலாம்? ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சாப்பாட்டில் தொடங்குங்கள். பிள்ளை தலையை நிலையாகப் பிடித்து, சாயாமல் உட்கார்ந்து, கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோனால் கையில் கொடுக்கலாம். எட்டு மாதமளவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது முடியும். பல் முளைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். முரசாலேயே நசித்து விழுங்கும். முதலில் முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். அதனால் நம் விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். ஒன்பது, பத்து மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கும். அப்போது சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம்.

எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? துண்டை உங்கள் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். நசிந்தால் கொடுக்கலாம், நசியாவிட்டால் இன்னும் அவிக்க வேண்டும். இந்த ஒரு சோதனை போதும்.

இதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. பூசணிக்காய், வத்தாளங்கிழங்கு இரண்டையும் நன்றாக அவித்து நீளமாக வெட்டுங்கள். பழுத்த பப்பாப்பழம், வாழைப்பழம், மாம்பழத் துண்டு நல்லது. முட்டையை முழுதாக வேகவைத்துத் துண்டாக்குங்கள், அல்லது பொரித்து நாடா மாதிரி வெட்டுங்கள். குளத்து மீனை அவித்து, விரலால் தடவித் தடவி முள் இல்லை என்று உறுதி செய்த பிறகு கொடுங்கள். பருப்பும் முருங்கையிலையும் போட்டுப் பிசைந்த சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வையுங்கள். தோசை, இட்டலித் துண்டும் கொடுக்கலாம். நம் கோதுமை மா ரொட்டி ஆறினால் கல்லு மாதிரி ஆகிவிடும்; பருப்புத் தண்ணியில் ஊறவைத்த பிறகுதான் பிள்ளைக்கு. பிட்டு உதிர்ந்து தொண்டையில் ஒட்டும், கறித் தண்ணியில் நனைத்துப் பிடித்துக் கொடுங்கள். புதிய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் தொடங்கினால், எது ஒத்துவரவில்லை என்று தெரியும். கீரை, பயறு கொடுக்கிற நேரத்தில் கொஞ்சம் பப்பாப்பழமோ பழுத்த கொய்யாவின் விதை நீக்கிய சதையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ஒரு வயதுவரை தனியாக உப்பும் சீனியும் வேண்டாம்.

திரிபோஷா கிடைக்கிறவர்கள் அதை மசித்த வாழைப்பழத்தோடு பிசைந்து மென்மையான உருண்டையாகக் கொடுக்கலாம். சோளம், சோயா, பால்மா சேர்ந்த அந்தச் சத்துமா 1973 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. பக்கெட் வந்ததும் வீட்டில் எல்லாரும் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தின்றால் இரண்டு நாளில் முடிந்துவிடும். யாருடைய பெயரில் வந்ததோ அவருக்கே அது போகட்டும்.

கொடுக்கக் கூடாததையும் கவனமாகக் கேளுங்கள். கச்சான், முந்திரிப் பருப்பு, கடலை எதுவும் முழுதாக வேண்டாம். அரைத்துக் கஞ்சியில் கலந்தால் நல்ல சத்து. முழுதாகப் போனால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். கச்சான் ஆய்கிற காலத்தில் மர நிழலில் சாக்கு விரித்துப் பிள்ளையை விடுகிறோம், கைக்கெட்டிய தூரத்தில் கச்சான் குவியல் கிடக்கிறது. அந்த இடத்தை மாற்றுங்கள். பச்சைக் கேரட், தேங்காய்ச் சொட்டு, புழுக்கொடியல், டொபி, கொட்டையுள்ள நாவற்பழம் இவையும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேனை நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. ஏணையில் படுத்திருக்கும்போது எதையும் வாயில் வைக்க வேண்டாம். உட்கார வைத்துத்தான் சாப்பாடு.

புதிதாகச் சாப்பிடுகிற பிள்ளை ஓங்காளிக்கும், இருமும், முகம் சிவக்கும். சத்தம் வருகிறதென்றால் அது தானாக வெளியே தள்ளுகிறது. பதறி விரலை உள்ளே விடாதீர்கள், துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும். சத்தமே வராமல், அழவும் முடியாமல், உதடு நீலமானால்தான் அடைத்திருக்கிறது. உடனே பிள்ளையை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே சரிந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஐந்து தரம் தட்டுங்கள். வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து தரம் அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே, பக்கத்தில் இருப்பவரை 1990 இலக்கத்துக்கு அடித்து அம்பியூலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது ஆண் தோழர்களும் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். பூசணித் துண்டுக்குப் பெரிய செலவில்லை. ஆனால் பிள்ளை அதைத் தின்று முடிக்கும்வரை பெரியவர் ஒருவரின் கண் அதன்மேல் இருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு மாதம்வரை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தரம் சாப்பாடு. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று, நான்கு தரம், இடையில் சிறு தீனியும். அந்த நேரத்தில் தாய் எங்கே? வெங்காயத் தோட்டத்தில். அம்மாயிக்குக் கண் மங்கல். அதனால் யாரை வைக்கிறோம்? மூத்த பெண் பிள்ளையை. பத்து வயதுப் பிள்ளை பாடசாலைக்கு வராமல் தம்பியைப் பார்க்கிறாள். வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நாங்கள் போடுகிற வட்டம், அந்தக் கச்சான் காலத்தின் உண்மையான கூலிக் கணக்கு. சின்னவனின் சாப்பாடும் சரியாகப் போவதில்லை, பெரியவளின் படிப்பும் போகிறது.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தொழிலாளிக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. தோட்டங்களில் பிள்ளைமடுவமும் இடைவேளையும் சும்மா வரவில்லை. நம் முன்னோர் கேட்டுக் கேட்டு வாங்கியவை. அங்கேயும் இன்று அவற்றைக் காப்பாற்றப் போராட வேண்டியிருக்கிறது. இங்கே இன்றைக்கு ஒரு காணி, நாளைக்கு ஒரு காணி என்று நாட்கூலிக்குப் போகிற உங்களுக்கு அந்த உரிமை கைக்கே எட்டவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, கூலி பேசும்போது இடைவேளையையும் சேர்த்துப் பேசுவோம். தனியாளாகக் கேட்டால், ‘அப்படியென்றால் நாளைக்கு வர வேண்டாம்’ என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் வேறு. இரண்டு, ஒவ்வொரு குடியிருப்பிலும் வேலைக் காலத்துக்காவது ஒரு பொதுப் பிள்ளைமடுவம் வைப்போம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு சேர்ந்து, முன்பள்ளிக் கட்டடத்தின் ஒரு அறையைக் கேட்டு, பார்த்துக்கொள்கிறவருக்கு நாட்கூலி கொடுத்து நடத்தலாம். அந்தக் கூலியைப் பிரதேச சபை கொடுக்க வேண்டும் என்று சங்கமாக எழுதிக் கேட்போம். மூன்று, கிளினிக் நாளில் எந்தத் தாயையும் வேலைக்குக் கூப்பிட விடமாட்டோம். பிள்ளையின் வளர்ச்சிக் கோடு கீழே சரிகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஆண் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிள்ளையின் கையையும் கழுவி, முன்னால் உட்காருங்கள். துண்டு கீழே விழும், முகமெல்லாம் பூசும், பாதியைக் கோழி தின்னும். இருங்கள். போனை எடுக்காதீர்கள்.

வருகிற கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பக்கத்தில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களைப் பகலில் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். பிரதேச சபைக்கு எழுதுகிற கடிதத்தை அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.