வீட்டிற்கும் உண்டு மின்சிக்கன மதிப்பு

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதையை வாங்கும்போது அதன் முளைப்புத் திறனைக் கேட்டு வாங்குகிறோம். மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் மின்சாரத்தைச் செலவழிக்கும் விசிறியையும், வெயிலைத் தாங்கி நிற்க வேண்டிய வீட்டையும் அவ்வாறு சோதித்துப் பார்க்கிறோமா? இன்று அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நட்சத்திரக் குறி

மின்சாரச் சாதனங்களின் மேல் நட்சத்திரங்கள் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இந்த முறையைத் தொடங்கிற்று. கூரை விசிறிகளுக்கு இச்சீட்டு 2023 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. நட்சத்திரம் கூடினால், அதே வேலைக்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்பது பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகிறது. சுமார் 30 வாட்டில் ஓடும் ஐந்து நட்சத்திர விசிறிக்கு 22 யூனிட்டே போதும். 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு.

"நூறு யூனிட் இலவசந்தானே, கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடு 2016-ஆம் ஆண்டில் வந்தது. ஒரு வீட்டில் இரண்டு பழைய விசிறிகள் மேற்சொன்னபடி ஓடினால், அவை மட்டுமே 108 யூனிட் தின்றுவிடும். அதற்கு மேல் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் கைக்காசு கொடுக்க வேண்டும். அவ்விரண்டையும் மாற்றினால் 43 யூனிட்டில் காரியம் முடிந்துவிடும்.

குளிர்ப்பெட்டி வாங்குவோர் நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் போதாது. சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்றும் அச்சிட்டிருக்கும். பெரிய பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம் இருந்தாலும், மூன்று நட்சத்திரச் சிறு பெட்டியைவிட அது அதிகம் செலவழிக்கக்கூடும். தர விதிகள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், சீட்டு எந்த ஆண்டுக்குரியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வீடே முதற் சாதனம்

ஆயினும், விசிறி எவ்வளவு சிறந்ததானாலும் அனலைக் கக்கும் அறையில் அது அனற்காற்றையே சுழற்றும். ஆகவே வீட்டின் தரமே முதன்மையானது. குடியிருப்புக் கட்டடங்களுக்கென்று 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் நுழைகிறது, சுவரும் ஜன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகின்றன, காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் வழி இருக்கிறதா என்பவையே அதன் அளவுகோல்கள். நம் வீட்டுச் சுவரில் எவரும் நட்சத்திரச் சீட்டு ஒட்டாவிட்டாலும், இந்த அளவுகோல்களை நாமே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது கூரை. ஏப்ரல் மாதத்தில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து இரவில் வீட்டிற்குள் விடுகிறது. கீற்றுக் குடிசையில் இந்தத் தொல்லை இல்லை; ஆனால் தீக்கும் மழைக்கும் அஞ்சி வாழும் குடிசைக்குத் திரும்பச் சொல்வார் யாருமில்லை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்தால் ஒழுக்கும் நிற்கும், சூடும் குறையும். அதற்கு வசதியில்லாதவர்கள் கோடைக்கு முன் தளத்தின் மேல் இரண்டு கை வெண்சுண்ணாம்பு பூசலாம். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பூச வேண்டும், செலவோ சொற்பம்.

இரண்டாவது மேற்குச் சுவர். மாலை வெயில் சாய்வாக அடிப்பதால் ஜன்னலுக்கு மேலுள்ள சிறு நிழற்பலகை அதைத் தடுக்காது. புங்கையோ வேம்போ நட வேண்டும். மரம் வளரும் வரை பந்தலில் அவரையோ பீர்க்கோ படர விடலாம்.

மூன்றாவது காற்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் வெளியே திறக்கும் ஜன்னல், கதவுகளின் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது மேற்சொன்ன விதித்தொகுப்பு. 300 சதுர அடி வீட்டிற்கு இது 50 சதுர அடி. ஜன்னல்கள் எதிரெதிராக அமைந்தால்தான் காற்று ஓடும்.

ஊராட்சியின் கடமை

பகலெல்லாம் வயலில் உழைத்தவர் இரவில் உறங்க முடியாமற் போனால், மறுநாள் உழைப்பும் கெடுகிறது. கைக்குழந்தைகளும் முதியோரும் படும் துன்பம் இன்னும் பெரிது. இலவச வீட்டுத் திட்டங்களில் வீடு பெறுவோர் பெரும்பாலும் ஏழைகள். கட்டி முடித்த பின் ஜன்னலை இடம் மாற்ற அவர்களால் இயலாது. எனவே அடித்தளத்திற்குக் கயிறு பிடிக்கும் நாளிலேயே உறுப்பினர் ஒருவர் உடனிருந்து, ஜன்னல் எந்தத் திசையில் வருகிறது, மேற்கில் மரத்திற்கு இடமுண்டா என்று பார்த்துச் சொல்வாராக.

ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. கோடைக்கு முன் வேலை செய்ய அப்பொழுது அவகாசமும் உண்டு. அக்கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்து, முதலில் அங்கன்வாடிக் கட்டடத்தின் தளத்திற்கு வெள்ளையடித்துக் காட்டுங்கள். அங்கே குழந்தைகள் நண்பகலில் நிம்மதியாக உறங்குவதைக் கண்டால், மற்ற வீட்டார் தாமே சுண்ணாம்பு வாளியை எடுப்பார்கள்.