நர்சம்மாவுக்கு மேல ஒரு நர்சம்மா

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஏஐ இல்ல, ஸ்டார்ட்அப் இல்ல, சம்பள உயர்வு இல்ல. இந்த வாரம் நர்சிங். ஹெட்போனைக் கழட்டிடாதீங்க, காரணம் இருக்கு.

நம்ம லிசனர் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். அவரோட அக்கா இங்கிலாந்துல நர்ஸ். அவங்களுக்கு ‘டெபுடி டீம் லீடர், கம்யூனிட்டி நர்சிங்’னு பதவி உயர்வு வந்திருக்கு. “வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா அது என்ன வேலைன்னு யாருக்கும் புரியல ப்ரோ, விளக்க முடியுமா?”ன்னு கேட்டிருந்தார்.

முதல்ல அந்த ஊர்க் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1859-ல லிவர்பூல்ல வில்லியம் ராத்போன்னு ஒரு வணிகர் இருந்தார். அவர் மனைவி நோயில இறந்துபோனாங்க. அவங்களை வீட்டுலயே கவனிச்சுக்கிட்ட நர்ஸ் மேரி ராபின்சன். நமக்கே இந்த உதவி இவ்வளவு பெரிசா இருந்துச்சுன்னா ஏழை வீட்டுக்கு எப்படி இருக்கும்னு ராத்போன் யோசிச்சார். அதே நர்சைச் சம்பளம் கொடுத்து ஏழை வீடுகளுக்கு அனுப்பினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் அங்கே டிஸ்ட்ரிக்ட் நர்சிங். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்க வீட்டுக்கு நர்ஸ் போறது. அப்படிப் போற நர்சுகள் ஒரு டீம். டீமுக்கு ஒரு லீடர், அவருக்கு அடுத்த ஆள் டெபுடி.

சரி, நம்ம ஊர்ல அந்த டெபுடி யாரு? எனக்கு அதைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கல. நான் காவேரிப்பட்டினத்துக்காரன். எங்க தெருவுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, பகுதி சுகாதார செவிலியர். அரசு ஊழியர்ங்கறதால பேரும் வேண்டாம், எந்த பி.எச்.சி.ன்னும் வேண்டாம்னு சொன்னாங்க. இந்த எபிசோடு முழுக்க ‘அக்கா’ன்னே சொல்றேன்.

நடுவுல நிக்கிற ஆள்

அமைப்பை முதல்ல புரிஞ்சுக்கலாம். நம்ம கிராமங்கள்ல ‘நர்சம்மா’ன்னு கூப்பிடுறது கிராம சுகாதார செவிலியரை, அதாவது வி.எச்.என். சமவெளியில சுமார் 5,000 பேருக்கு ஒருத்தர், மலைப்பகுதியில 3,000 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு. துணை சுகாதார நிலையம்தான் அவங்க ஆபீஸ். கர்ப்பிணிகளைப் பதிவு பண்றது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பிரசவத்துக்கு அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறது, எல்லாம் அவங்க. ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னா சுமார் 30,000 பேர், அதாவது ஐந்தாறு நர்சம்மா. பி.எச்.சி.யோட லீடர் மருத்துவ அலுவலர். அவர் காலையில ஓ.பி.யில உட்கார்ந்தா எழுந்திருக்கவே நேரம் இருக்காது. வெளிய ஊர் ஊரா நடக்கிற வேலையை யார் பார்க்கிறது? அதுதான் பகுதி சுகாதார செவிலியர், எஸ்.எச்.என். பல வருஷம் வி.எச்.என்.னா இருந்து மேல வந்தவங்க.

இதோட 2021-ல இன்னொரு அடுக்கும் சேர்ந்துச்சு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தத் திட்டம் தொடங்கினது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல, ஓசூர்ப் பக்கம் சாமனப்பள்ளியில, 2021 ஆகஸ்ட் 5. சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி வீட்டுலயே. சிறுநீரகம் செயலிழந்து வீட்டுலயே வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அதுக்கான பைகளும் வீட்டுக்கே வரும். 2024-ல ஐ.நா. அமைப்போட விருதும் இதுக்குக் கிடைச்சுது. வீடு வீடாப் போறது பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண் சுகாதார தன்னார்வலர்கள். அவங்க பி.பி. பார்க்கலாம், மாத்திரை கொடுக்கலாம். ஆனா மாத்திரையோட அளவை மாத்த முடியாது, மாத்தவும் கூடாது. அளவு 180-ன்னு காட்டினா அவங்க யாருக்கு போன் போடுவாங்க? நர்சம்மாவுக்கு. நர்சம்மா போன் எடுக்கலன்னா? அக்காவுக்கு.

நம்ம பாஷையில சொல்லணும்னா அக்கா ஒரு எஸ்கலேஷன் பாயிண்ட். ஆளை எடுக்கற அதிகாரமோ, காலி இடத்தை நிரப்பற அதிகாரமோ, பட்ஜெட்டோ அவங்ககிட்ட கிடையாது. எண்ணிக்கை குறைஞ்சா ரிவ்யூ மீட்டிங்ல எழுந்து நின்னு பதில் சொல்ற இடம் மட்டும் அவங்களோடது.

ஐஸ் பேக்கைக் காதுகிட்ட வச்சு

புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்னிக்கு அக்கா ஏதாவது ஒரு ஊருக்குச் சொல்லாம கொள்ளாம போவாங்க. போனதும் ரிஜிஸ்டரைக் கேட்க மாட்டாங்களாம். நேரா தடுப்பூசி டப்பாவைத் திறந்து, உள்ள இருக்கற ஐஸ் பேக்கை எடுத்து, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்ப்பாங்க.

ஏன்? தடுப்பூசி 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சூடாகக் கூடாதுன்னு நமக்கு எல்லாருக்கும் தெரியும். உறையவும் கூடாது. குழந்தைக்குப் போடற பென்டாவேலன்ட் ஊசி மருந்து உறைஞ்சா வீணாப் போயிடும். அப்புறம் உருகி வெளியில நல்லாவே தெரிஞ்சாலும் பாதுகாப்பு கொடுக்காது. அதனால ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கைக் கொஞ்ச நேரம் வெளிய வச்சு, உள்ள தண்ணி கலகலன்னு ஆடுற சத்தம் கேட்டதும்தான் டப்பாவுல வைக்கணும். அவசரத்துல கல்லு மாதிரி இருக்கறதை அப்படியே வச்சுட்டா, அன்னிக்கு ஊசி போட்டுக்கிட்ட குழந்தைங்க எல்லாம் ரிஜிஸ்டர்ல ‘போட்டாச்சு’. உடம்புல எதுவும் இல்ல.

“ரிஜிஸ்டர்ல டிக் இருக்கும் தம்பி, டிக்குக்குச் சத்தம் கிடையாது. ஐஸ் பேக்குக்குத்தான் இருக்கு”ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. டெபுடி வேலையில பாதி இதுதான்னு எனக்குத் தோணுது. டிக்குக்குப் பின்னாடி நிஜமாவே ஏதாவது இருக்கான்னு பார்க்கிறது.

எல்லை தாண்டின கர்ப்பிணி

இனி நம்ம மாவட்டத்துக்கே உரிய சிக்கலுக்கு வரேன். ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் ஆந்திரா. கிருஷ்ணகிரி, ஓசூர்ல ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேட்கும். பொண்ணு கொடுக்கறது, எடுக்கறது எல்லாம் எல்லை தாண்டித்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போறது எல்லா வீட்டுலயும் வழக்கம். அந்தத் தாய் வீடு முல்பாகல்ல இருக்கும், மாலூர்ல இருக்கும், ஆனேக்கல்ல இருக்கும்.

தமிழ்நாட்டுல கர்ப்பிணிக்கு ‘பிக்மி’ன்னு ஒரு ஆன்லைன் பதிவு, ஒரு எண் தருவாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல வர 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவிக்கும், குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேணும். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துல ‘தாயி கார்டு’ன்னு வேற ஒண்ணு. இந்தப் பக்கம் ஏழு மாசமா எடுத்த ரத்த அளவு, பி.பி., ஸ்கேன் எதுவும் தானா அந்தப் பக்கம் போய்ச் சேராது. பஸ் ஏறின பொண்ணு நம்ம லிஸ்ட்டுல ‘இடம்பெயர்ந்தார்’. அந்தப் பக்கத்து லிஸ்ட்டுல இன்னும் வரவே இல்ல. நடுவுல சில வாரம் அவங்க யாரோட கணக்குலயும் இல்ல.

அக்கா ஒரு சம்பவம் சொன்னாங்க. ஏழாவது மாசம், ரெண்டாவது பிரசவம், ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பிணிக்கு 11 இருக்கணும். 7-க்குக் கீழன்னா கடுமையான ரத்தசோகை, மாத்திரை மட்டும் பத்தாது, ஆஸ்பத்திரியில சேர்க்கணும். பிரசவத்துல கொஞ்சம் கூடுதலா ரத்தம் போனாலும் தாங்காது. வி.எச்.என். எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு நாள்ல வீடு பூட்டியிருக்கு, தாய் வீட்டுக்குப் போயாச்சு. வி.எச்.என். முறைப்படி ‘இடம்பெயர்ந்தார்’னு போட்டாங்க. அவங்க மேல தப்பு எதுவும் இல்ல, ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருக்கு.

அக்கா அந்த வரியை மூட விடல. கணவரோட நம்பருக்குப் போன், ஸ்விட்ச் ஆஃப். அவர் வேலை செய்யற மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசல்ல போய் நின்னு மாமியார் நம்பர் வாங்கினாங்க. அவங்க மூலமா ஊர்ப் பேர் தெரிஞ்சுது. கர்நாடகத்துல ஊருக்கு ஊர் ஆஷா பணியாளர் உண்டு. தமிழ்நாட்டுல ஆஷா மலை, பழங்குடிப் பகுதிகள்ல மட்டும்தான், மத்த இடத்துல வி.எச்.என்.தான் எல்லாம். அதனால அங்க யாரைக் கேட்கணும்ங்கறதே வேற. தெரிஞ்ச கன்னடத்துல, அங்கன்வாடி டீச்சர் ஒருத்தர் வழியா, அந்த ஊர் ஆஷாவைப் பிடிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு அந்த ஆஷாகிட்ட இருந்து வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ வந்துச்சு. ஜில்லா ஆஸ்பத்திரிக் கட்டில், கையில ரத்தம் ஏறுது. அதைப் பார்த்த அப்புறம்தான் அக்கா அந்த வரியை மூடினாங்க.

நெட்வொர்க் படிச்சவங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்திருக்கும். யு.டி.பி.ன்னா பாக்கெட்டை அனுப்பிட்டு மறந்துடலாம். டி.சி.பி.ன்னா அந்தப் பக்கத்துல இருந்து ‘வந்து சேர்ந்துச்சு’ன்னு பதில் வர வரைக்கும் நம்ம பொறுப்பு முடியாது. நம்ம சாஃப்ட்வேர் ‘இடம்பெயர்ந்தார்’ பட்டனை யு.டி.பி. மாதிரி வச்சிருக்கு. அக்கா கையில ஒரு கோடு போட்ட நோட்டு வச்சு அதை டி.சி.பி.யா நடத்தறாங்க. அந்த நோட்டுல நான் பார்த்த அன்னிக்குப் பதினோரு பேர் இருந்தாங்க. பதினோரு மூடாத வரி.

தூங்கற வீடுகள்

இன்னொரு காணாமப்போற கூட்டம் யார் தெரியுமா? நம்ம வயசுப் பசங்க. ஓசூர் ஃபேக்டரி, போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட், எல்லாம் ஷிஃப்ட். காலை பதினோரு மணிக்குத் தன்னார்வலர் கதவைத் தட்டினா, நைட் ஷிஃப்ட் முடிச்சவர் தூங்கறார். மனைவி “அப்புறம் வாங்க”ன்னு அனுப்பிடறாங்க. மூணு தடவை போனா மூணு தடவையும் அதே பதில். தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதிக்கிற ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-ல வந்துச்சு. ஆனா சின்னப் பட்டறை, கான்ட்ராக்ட் வேலைன்னு இருக்கறவங்க அதுலயும் தப்பிடறாங்க.

அக்கா பண்ணது ரொம்பச் சின்ன மாற்றம். கம்பெனி பஸ் ஏத்தற இடத்துல, சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சுல பி.பி. மெஷினோட ஒரு தன்னார்வலரை உட்கார வச்சாங்க. வீடு வீடாப் போகணும்ங்கறதுதான் விதி, டீக்கடை கணக்குல வராது. அதனால மேல பேசி அனுமதி வாங்கி, வர்ற அளவுகளை வீட்டு வாரியா பிரிச்சு எழுதினாங்க. முப்பது வயசுகூட ஆகாதவங்களுக்கு 150-க்கு மேல வந்தப்போ, “டீ குடிச்சேன்கா, அதான்”னு ஒருத்தர் சொன்னாராம். ஒரு அளவை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க. உட்கார வச்சு, அரைமணி கழிச்சு மறுபடி, அப்புறம் இன்னொரு நாள் பி.எச்.சி.யில. அப்பவும் 140-க்கு 90-ஐத் தாண்டினா டாக்டர்.

டெபுடியே தேவையில்லையா?

இந்த இடத்துல ஒரு நியாயமான கேள்வி வரும். நெதர்லாந்துல 2006-ல யோஸ் டி பிளாக்னு ஒரு நர்ஸ் ‘பியூர்ட்சோர்க்’னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். ஒரு டீமுக்கு அதிகபட்சம் 12 நர்சுகள். மேனேஜர் கிடையாது, அவங்களே பேசி முடிவெடுப்பாங்க. உலகம் முழுக்கப் பாராட்டு. நம்ம ஐ.டி.யில ‘ஃப்ளாட் டீம்’னு பேசறவங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அக்காகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “எங்கள்ல ஒரு இடம் காலியானா என்ன பண்ணுவாங்க?”ன்னு கேட்டாங்க. அதுதான் அவங்க வேலையில கஷ்டமான பகுதி. ஒரு வி.எச்.என். இடம் காலியானா, பக்கத்து வி.எச்.என்.னுக்குக் ‘கூடுதல் பொறுப்பு’. 5,000 பேர் ஒரே நாள்ல 10,000 ஆகும். அது யார் தலையில விழுதுங்கற பேச்சு வரும்போது அக்காதான் அறையில இருக்காங்க. அவங்களோட பழைய தோழிகள், கூடவே வேலை பார்த்தவங்க, அவங்கள்ல ஒருத்தருக்கு. ஒருத்தருக்கு வீட்டுல படுத்த படுக்கையா மாமனார், இன்னொருத்தருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. “யாருக்குக் கொடுத்தாலும் எனக்குப் பாவம்தான் தம்பி. அதனால வாரத்துல ரெண்டு நாள் நானே அந்த ஊர்ல ஊசி போடறேன்”னு சொன்னாங்க.

என் கருத்து இதுதான். சிக்கல் மேனேஜர் இருக்கறதுல இல்ல. காலி இடத்தை நிரப்பாம, அந்தச் சுமையை நடுவுல இருக்கற ஒருத்தரோட மனசாட்சியில ஏத்தி வைக்கறதுலதான் சிக்கல். அக்கா பண்றது அருமையான வேலை. ஆனா ஒரு அரசு அமைப்பு ஒரு கோடு போட்ட நோட்டை நம்பி ஓடக் கூடாது. அந்த நோட்டு சிஸ்டத்துக்குள்ள வரணும். ‘இடம்பெயர்ந்தார்’னு போட்டா, அந்தப் பக்கத்து நர்ஸ் ‘பார்த்தேன்’னு சொல்ற வரைக்கும் அந்த வரி சிவப்பாவே இருக்கணும். ரெண்டு மாநிலம் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். கோடு எழுதற நமக்குத் தெரியும், இது தொழில்நுட்பத்துல பெரிய கஷ்டம் இல்ல.

கடைசியா மூணு விஷயம்

ஒண்ணு: உங்க வீட்டுல யாராவது பிரசவத்துக்கு ஊர் மாறினா, கிளம்பறதுக்கு முன்னாடி நர்சம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. போற ஊர் பேர், அங்க எடுக்கற ஒரு போன் நம்பர் கொடுங்க. பிக்மி எண், ரத்த டெஸ்ட், ஸ்கேன் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் நர்சையோ ஆஷாவையோ முதல் வாரத்துலயே பாருங்க.

ரெண்டு: பி.பி. பார்க்க யாராவது கதவைத் தட்டினா “அப்புறம் வாங்க”ன்னு சொல்லாதீங்க. ரெண்டு நிமிஷம்தான். நைட் ஷிஃப்ட்னா எத்தனை மணிக்கு வந்தா எழுந்திருப்பீங்கன்னு சொல்லிடுங்க.

மூணு: அந்த மெயில் அனுப்பின நண்பருக்கு. உங்க அக்காகிட்ட அவங்க வேலை என்னன்னு கேட்காதீங்க, இன்னிக்கு எந்த வரியை மூடாம வச்சிருக்கீங்கன்னு கேளுங்க. ரொம்ப நேரம் பேசுவாங்க. பதில் சுவாரசியமா இருந்தா எனக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கறேன். அதுவரைக்கும் தண்ணி குடிங்க, தூங்குங்க. சந்திப்போம்!