விளக்கு மினுக்குனா கண்ணைக் குறை சொல்லாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, மாட்டு வேலை போக மிச்ச நேரத்துல எங்க குழுவோட சேர்ந்து போர்வை தைக்கிறேன். 1989-ல தர்மபுரி மாவட்டத்துல முதல் மகளிர் குழுக்கள் தொடங்குனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் கடன் வாங்குறது, கட்டுறது, சேமிப்பு, தீர்மான நோட்டு இதைப் பத்தியெல்லாம் நம்ம மேடைகள்ல நிறையப் பேசியாச்சு. நான் இன்னைக்குப் பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம். நாம தைக்கிறப்போ தலைக்குப் பக்கத்துல எரியிற டேபிள் லைட்டைப் பத்திதான். சிரிக்காதீங்க. கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

எங்க குழுவுல திருப்பூர் பனியன் கம்பெனி கட்பீசும் பழைய பருத்திச் சேலையும் வெச்சு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறோம். மேல கட்பீஸ், நடுவுல ரெண்டு மடிப்பு பழஞ்சேலை, அடியில ஒரே துணி. மூணையும் சேர்த்து அரிசி அரிசியா கையில தைக்கணும். பகல்ல யாருக்கு நேரம் இருக்கு? நூறு நாள் வேலை, காடு, சமையல், பிள்ளைங்க. ராத்திரி 7 மணிக்கு மேலதான் ஊசி கையில ஏறும். அப்போ விளக்குதான் நமக்கு சூரியன். அது சரியா எரியலைன்னா தையல் கோணும், நூல் கலர் மாறும், கடைக்காரர் திருப்பி அனுப்புவாரு. கூலி போச்சு.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி 30 போர்வை ஆர்டர் வந்துச்சு. அஞ்சு பேர் பிரிச்சு எடுத்தோம், ஆளுக்கு 6. எங்கள்ல மூத்த அக்கா ஒருத்தர், அறுபது வயசை ஒட்டி இருக்கும். எங்களுக்கெல்லாம் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவங்களே அவங்கதான். ரெண்டு போர்வை முடிச்சுட்டு, மிச்சத் துணியை மூட்டை கட்டிக் கொண்டுவந்து என் திண்ணையில வெச்சுட்டாங்க. "கண்ணு போச்சு சாமி. ஊசி முனை ரெண்டு ரெண்டாத் தெரியுது. கருநீலத் துணியில கருப்பு நூலை ஓட்டி மூணு தடவை பிரிச்சுட்டேன். இனி என்னால ஆகாது, வேற ஆளுக்குக் குடுத்துடு"ன்னாங்க. புருஷன் இல்லாத வீடு. அந்தக் கூலியிலதான் மருந்து மாத்திரை வாங்கணும்.

எனக்கு மனசு கேக்கலை. "லைட்டு எப்படி எரியுதுக்கா?"ன்னு கேட்டேன். "அது அப்பப்போ கண் சிமிட்டும், நானும் கூடச் சிமிட்டிக்குவேன்"னு சொன்னாங்க. அந்த ஒரு பேச்சுதான் என்னை யோசிக்க வெச்சுது. எங்க கொழுந்தனார் ஒயரிங் வேலை பார்க்கிறவரு. அவர் பின்னாடி நின்னு பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் தெரியும். லைட்டு கெட்டுப்போனா முதல்ல எங்கே கெட்டிருக்குன்னு பிரிச்சுப் பார்க்கணும்னு அவர் சொல்லுவாரு. பல்பா, லைட்டா, பாயிண்டா, இல்லை வர்ற கரண்டேவா? இந்த நாலுல ஒண்ணுதான்.

அந்த லைட்டைக் கழட்டி எங்க வீட்டுல சொருகினேன். அரை மணி நேரம் அசையாம எரிஞ்சுது. அப்போ லைட்டுல குறை இல்லை. திரும்ப அக்கா வீட்டுக்குப் போய், அதே பாயிண்டுல என் போன் சார்ஜரைச் சொருகினேன். போன் சார்ஜ் ஏறுதுன்னு காட்டும், நிக்கும், மறுபடி காட்டும். விஷயம் புரிஞ்சு போச்சு. லைட்டும் நல்லா இருக்கு, பல்பும் நல்லா இருக்கு. சுவத்துல இருக்கிற சாக்கெட்டுதான் லூஸ். ஒரே பாயிண்டுல மிக்சி, அயர்ன் பாக்ஸ், லைட்டு எல்லாம் மாத்தி மாத்திச் சொருகி உள்ளே இருக்கிற பித்தளைப் பிடி தளர்ந்து போயிருக்கு.

கொழுந்தனார் வந்து மெயினை ஆஃப் பண்ணிட்டு அந்தப் பெட்டியைத் திறந்தாரு. உள்ளே ஒயர் முனை கருகிக் கிடந்துச்சு. லூஸ் கனெக்ஷன்ல பொறி வரும், சூடு ஏறும், பிளாஸ்டிக் உருகும். பக்கத்துலேயே பஞ்சும் துணியும் குவிஞ்சிருக்கிற வீடு அது. கண் சிமிட்டுன அந்த லைட்டு அக்காவுக்கு எச்சரிக்கைதான் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. சாக்கெட் மாத்துனோம், லைட்டு நின்னு எரிஞ்சுது.

இன்னொண்ணும் பண்ணினோம். அந்த லைட்டுல மஞ்சள் வெளிச்ச எல்இடி பல்பு போட்டிருந்துச்சு. மஞ்சள் வெளிச்சத்துல கருநீலமும் கருப்பும் ஒண்ணு போலத் தெரியும். பல்பு டப்பா மேல 'கெல்வின்'னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. 3000-ன்னா மஞ்சள், 6500-ன்னா நல்ல வெள்ளை. நூல் கலர் பார்க்க வெள்ளைதான் வசதி. 9 வாட்ஸ் வெள்ளை பல்பு மாத்துனோம். அதோட நான் அக்காவை விடலை, கண் பரிசோதனைக்கும் கூட்டிட்டுப் போனேன். வெள்ளெழுத்தும் இருந்துச்சு. நாப்பது வயசுக்கு மேல கிட்டப் பார்வை குறையிறது எல்லாருக்கும் வர்றதுதான், வயசு ஏற ஏற வெளிச்சமும் கூட வேணும். கண்ணாடி போட்டாங்க. ஆக, கண்ணுலயும் கொஞ்சம் குறை, கரண்டுலயும் குறை. ரெண்டையும் சேர்த்து "எனக்கு வயசாயிடுச்சு"ன்னு ஒரே மூட்டையா கட்டிட்டாங்க. நம்ம பொம்பளைங்க வழக்கமே அதுதானே? சாமான் கெட்டாலும் நம்ம மேலதான் பழியைப் போட்டுக்குவோம். அக்கா மிச்ச 4 போர்வையையும் முடிச்சுக் கொடுத்தாங்க.

இப்போ நீங்களும் வீட்டுல செஞ்சு பார்க்கிற மாதிரி வரிசையாச் சொல்றேன். கையில ஈரம் இருக்கக் கூடாது. காலில் செருப்பு இருக்கணும். லைட்டைத் தொடுறதுக்கு முன்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கையும் உருவிடணும். சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. ஏன்னா சில வீட்டுல ஒயரிங் மாத்திக் கொடுத்திருப்பாங்க, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். ராத்திரி ஆஃப் பண்ணின பிறகும் எல்இடி பல்பு மின்மினி மாதிரி மங்கலா எரிஞ்சா, அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஒயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க.

முதல்ல, பக்கத்து வீட்டுலயும் மங்குதான்னு பாருங்க. மங்குனா அது தெருவுக்கே வோல்டேஜ் குறை. நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். அது குறைஞ்சா ஃபேனும் மெதுவாச் சுத்தும். லைட்டைப் பிரிச்சுப் பயன் இல்லை. மின்னகம் 94987 94987 நம்பருக்குப் புகார் சொல்லலாம்.

ரெண்டாவது, நம்ம வீட்டுல மட்டும்னா, லைட்டை வேற பாயிண்டுல போட்டுப் பாருங்க. அங்கே நல்லா எரிஞ்சா பழைய பாயிண்டுலதான் குறை. பிளக்கு முனை கருத்திருக்கா, தொட்டா சூடா இருக்கா, சொருகுனா ஆடுதான்னும் பாருங்க. கருத்த பிளக்கைத் தேய்ச்சு ஓட்டாதீங்க, மாத்திடுங்க.

மூணாவது, அங்கேயும் எரியலைன்னா நல்லா எரியிற வேற பல்பை மாட்டிப் பாருங்க. புது பல்பும் மினுக்குனா ஹோல்டர்ல பல்பு ஆடுதான்னு பாருங்க. ஹோல்டருக்குள்ளே ரெண்டு ஸ்பிரிங் முனை இருக்கும், நாளாக நாளாக அமுங்கிப் போகும். ஹோல்டரை மாத்தினா சரியாயிடும்.

நாலாவது ஒயர். பிளக்கை உருவிட்டு, ஒயரைப் பிளக்குல இருந்து லைட்டு வரைக்கும் விரலால அழுத்திக்கிட்டே வாங்க. உள்ளே கம்பி அறுந்த இடம் தொளதொளன்னு மெத்துனு இருக்கும். பெரும்பாலும் பிளக்கு ஓரத்துலயும், லைட்டுக் கழுத்து வளையிற இடத்துலயும்தான் அறும். அறுந்ததை முறுக்கிச் செல்லோ டேப் சுத்தாதீங்க. ஒயரையே மாத்தணும், அதை ஒயர்மேன் செய்யட்டும்.

அயர்ன் பாக்ஸ் போட்டா மட்டும் லைட்டு மங்குதுன்னா, ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கும். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் நாலு ஆம்பியருக்கு மேல இழுக்கும். மெல்லிசு ஒயர் அதைத் தாங்காது. அயர்ன் பாக்சை நேரா சுவத்துப் பாயிண்டுல போடுங்க.

சார்ஜ் லைட்டு வெச்சிருக்கிறவங்க முதல்ல கேபிளையும் அடாப்டரையும் மாத்திப் பாருங்க. பேட்டரி உப்பியிருந்தா அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க.

இப்போ முக்கியமான ஒண்ணு. எங்க குழுவுலயே ஒரு தங்கச்சி வீட்டு லைட்டு, இரும்புக் கழுத்து வெச்சது. தொட்டா சுர்ருனு இருக்குன்னு அந்தக் கழுத்துக்குத் துணி சுத்தி வெச்சுத் தைச்சுக்கிட்டு இருந்துச்சு. "ஏம்மா இப்படி?"ன்னு கேட்டா, "கொஞ்சமாத்தான்க்கா அடிக்குது. நிறுத்தினா ரெண்டு நாள் கூலி போகுமே"ங்குது. ரெண்டு வயசுக் குழந்தை அந்த மேஜைக் காலைப் பிடிச்சுத்தான் நடை பழகுது. கழுத்தை வளைச்சு வளைச்சு உள்ளே ஒயர் உரசித் தோல் போயிருந்துச்சு. கம்பி இரும்பைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்குச் சுர்ருங்கிறது, தரை ஈரமா இருக்கிற அன்னைக்கு ஆளையே இழுத்துடும். தொட்டாச் சுர்ருன்னா அந்த லைட்டை அந்த நிமிஷமே நிறுத்தணும். இதுல கொஞ்சம், நிறையன்னு ஒண்ணும் கிடையாது.

ஆனா அந்தத் தங்கச்சி சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டு நாள் கூலியை யார் தருவா? 'நிறுத்து'ன்னு வாயால சொல்றது சுலபம். அதனால எங்க குழுக் கூட்டத்துல தீர்மானம் போட்டோம். குழுப் பணத்துல ஒரு லைட்டு அதிகமா வாங்கி வெச்சிருக்கோம். யார் லைட்டு கெட்டாலும் அன்னைக்குச் சாயங்காலமே அது அவங்க வீட்டுக்குப் போயிடும். அதுக்கப்புறம் யாரும் ஷாக் அடிக்கிற லைட்டுல தைக்கலை.

லைட்டு வைக்கிற இடமும் முக்கியம். வலது கையால தைக்கிறவங்களுக்கு வெளிச்சம் இடது பக்கம் இருந்து வரணும், அப்போதான் கை நிழல் ஊசி மேல விழாது. பஞ்சுத் தூசி பல்பு மேல படியும். வாரம் ஒரு தடவை பிளக்கை உருவிட்டு உலர்ந்த துணியால துடைங்க. பல்பு மேல துணியைப் போட்டு மூடாதீங்க, சூடு வெளியே போகாம எல்இடி சீக்கிரம் போயிடும். கரண்டு பில் ஏறும்னு பயந்து இருட்டுல தைக்கவும் வேண்டாம். 9 வாட்ஸ் பல்பு தினம் 5 மணி நேரம் எரிஞ்சாலும் 30 நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்ளதான் வரும்.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, கைத்தொழில் செய்யிற ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு லைட்டு கூடுதலா இருக்கணும். ரெண்டு, உரிமம் வாங்கின ஒயர்மேன் ஒருத்தரை வெச்சு ஊருக்கு ஒரு நாள், அரை நாள் பயிற்சி கொடுக்கணும். மூணு, வீட்டு ஒயரிங் சரி பண்ணவும், ஷாக் அடிச்சா உடனே கரண்டைத் துண்டிக்கிற ஈஎல்சிபி கருவி வைக்கவும் உள்கடன் கொடுக்கணும். மாட்டுக்கும் மிஷினுக்கும் கடன் கொடுக்கிறோம். அந்த மிஷின் ஓடுற வீட்டுச் சுவரும் பத்திரமா இருக்கணும் இல்லையா?

லைட்டு வாங்குறப்போ பில் கேட்டு வாங்குங்க, அதைக் குழு ஃபைல்ல வெச்சுடுங்க. எங்க குழுவுக்கு ஒரு கடையில பில் இல்லைன்னு வாரண்டி மறுத்துட்டாங்க. இப்போ ஊக்குநர் கையில ஒரு கவர்ல எல்லாப் பில்லும் இருக்கு.

நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சாலும் போதும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க லைட்டு பிளக்கைச் சொருகுற இடம் ஆடுதான்னு ஒரு தடவை பாருங்க.