எல்லை கடக்கும் கட்டணக் கணக்கு

 பொறியியல், பொருளியல், சட்டம் எனப் பல துறைகளில் தேறிப் பட்டம் பெறும் மாணவர்களுள் சிலரேனும், மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் மக்கள் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் அலுவலகங்களில் பணியேற்பர் என்பதால், ஒரு நாட்டின் கட்டண ஒழுங்குமுறை அனுபவம் மற்றொரு நாட்டுக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே இவ்வுரையின் பொருளாகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிப் புறநகரான நார்த்மீடில் வாழும் ஒரு குடும்பம், தனக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தை விரும்பியபோது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அத்தெருவின் கம்பங்களும் கம்பிகளும் என்டெவர் எனர்ஜி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை, அவற்றுக்கு மாற்று கிடையாது. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கம்பி இழுப்பது வீண்செலவு என்பதால் ஒருவரே நடத்தும்படி அமைந்துவிடும் இந்நிலையைப் பொருளியலார் இயற்கை முற்றுரிமை என்பர். போட்டி இல்லாத அவ்விடத்தில் விலைக்கு வரம்பு கட்டுவது ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. கம்பிக் கட்டணத்தை ஆஸ்திரேலிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பும், சிட்னி வாட்டரின் நீர்க் கட்டணத்தை ஐபார்ட் எனப்படும் மாநிலத் தீர்ப்பாயமும் வரையறுக்கின்றன.

கம்பிகளைப் பராமரிக்க உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், கட்டணத்தை வரையறுப்பவருக்குத் தெரியாது என்பதே இத்துறையின் தீராத இடர். பிரிட்டனின் தொலைபேசித் துறைக்காக 1983இல் பொருளியலறிஞர் ஸ்டீபன் லிட்டில்சைல்ட் பரிந்துரைத்த முறை இதற்கு ஒரு வழி காட்டியது: விலைவாசி உயர்வு விகிதத்திலிருந்து, நிறுவனம் சிக்கனத்தால் ஈட்டவேண்டிய 'எக்ஸ்' என்னும் விழுக்காட்டைக் கழித்து, எஞ்சிய அளவுக்கு மட்டுமே கட்டணம் உயரலாம், அதற்கும் மேலாகச் சிக்கனம் செய்தால் மிச்சம் அடுத்த மறுஆய்வு வரை நிறுவனத்துக்கே. இம்முறை நாடு நாடாகப் பரவியது. ஆயினும் அந்த எக்ஸ் எவ்வளவு என்பதைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் அறியமுடியும். ஒப்பிடுவதற்கோ ஆஸ்திரேலியாவின் கிழக்கு மின்சந்தையில் இருந்த பகிர்மான நிறுவனங்கள் பதின்மூன்றே.

ஆகவே ஆஸ்திரேலிய ஒழுங்குமுறை அமைப்பு நியூசிலாந்தின் கணக்குகளையும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கணக்குகளையும் சேர்த்து ஆய்ந்து, நியூ சவுத் வேல்ஸ் நிறுவனங்கள் பராமரிப்புக்கு மிகையாகச் செலவிடுகின்றன என்று கண்டு, 2015 ஏப்ரலில் அவற்றின் செலவு அனுமதியைப் பெருமளவு வெட்டியது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. ஒன்டாரியோவின் பனியும் சிட்னியின் காட்டுத்தீ அபாயமும் ஒரே செலவைக் கேட்பதில்லை. ஓரிடத்தில் பகிர்மான நிறுவனமே சுமக்கும் உயர் அழுத்தக் கம்பிகள் வேறோரிடத்தில் பிறர் கணக்கில் இருக்கும். கம்பியை உரசும் யூகலிப்டஸ் கிளையை வெட்டுவதுகூட நியூ சவுத் வேல்ஸில் பெரும்பாலும் கம்பி நிறுவனத்தின் செலவாக இருக்க, விக்டோரியாவில் அதன் ஒரு பகுதி உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. இத்தகைய வேறுபாடுகளுக்கு அமைப்பு ஈடு கட்டியிருந்தும், அவ்வொப்பீட்டின்மீது அது அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டதெனக் கருதிய ஆஸ்திரேலியப் போட்டித் தீர்ப்பாயம் 2016 பிப்ரவரியில் முடிவை ரத்து செய்து திருப்பியனுப்பியது; 2017 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றமும் இவ்விஷயத்தில் தீர்ப்பாயத்தின் பக்கமே நின்றது. 

அயல்நாட்டு எண்கள் பயனற்றவை என்று இவ்வழக்கு நிறுவியதாகக் கொள்வது பிழை. ஓர் எண்ணுக்குள் எந்தெந்த வேலைகள் அடங்கியுள்ளன என்பதும் எண்ணுடன் சேர்ந்தே பயணப்பட வேண்டும் என்பதையே அது காட்டியது. ஒப்பீட்டைக் கைவிட்டிருந்தால் நிறுவனம் சொன்னதே கணக்காக நின்றிருக்கும்.

எண்கள் மட்டுமின்றி ஒழுங்குமுறை அமைப்புகளும் முறைகளும்கூட எல்லை கடக்கின்றன. இந்தியாவில் தனி மின் ஒழுங்குமுறை ஆணையத்தை 1996இல் முதன்முதலாக அமைத்தது ஒடிசா. உலக வங்கியின் ஆதரவோடு நடந்த சீர்திருத்தத்தின் பகுதி அது. தமிழ்நாட்டு ஆணையம் 1999இல் தோன்றியது. அங்கே 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை கட்டணம் உயர்த்தப்படவில்லை. உயர்த்திய ஆணையோ, அடுத்தடுத்த ஆண்டுகளில் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது ஆறு விழுக்காடு, இவற்றுள் குறைந்ததைக் கூட்டலாம் என்றது. லிட்டில்சைல்டின் முறையில் பாதி சென்னைக்கு வந்து சேர்ந்தது, கழிக்கப்பட வேண்டிய எக்ஸ் சூத்திரத்தில் இடம்பெறவில்லை என்று சொன்னால் மிகையாகாது. மின்னிழப்பைக் குறைக்கும் இலக்குகள் தனியே வகுக்கப்பட்டன. ஆனால் இலவச மின்சாரம் பெறும் உழவர்களின் பம்புசெட்டுகள் பெரும்பாலும் மீட்டரின்றி ஓடுவதால் அவற்றின் நுகர்வு மதிப்பீடே, அதனால் மின்னிழப்பும் மதிப்பீடே. இவ்விளக்கம் இல்லாமல் தமிழ்நாட்டின் இழப்பு விழுக்காட்டைச் சிட்னியின் விழுக்காட்டோடு நிறுத்திப் பார்ப்பவர் ஒன்டாரியோ வழக்கை மீண்டும் நடத்துகிறார். கட்டணம் நெடுங்காலம் உயராதிருந்தது தமிழ்நாட்டில் மட்டுமன்று: இலங்கையிலும் ஒன்பதாண்டுகள் அசையாதிருந்த கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடு ஒரேயடியாக ஏறியது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கே இருந்தும் அது நேர்ந்தது.

அறிவு தெற்காசியாவை நோக்கி மட்டுமே ஓடவேண்டும் என்ற எண்ணம் பன்னாட்டு மாநாடுகளில் இன்னும் மறையவில்லை. ஆனால் எதிர்த்திசையிலும் கற்பதற்கு உண்டு. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று வீசும்போது உற்பத்தியாகும் மின்சாரத்தில் காற்றாலை உரிமையாளர் பயன்படுத்தாததை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுக்கும் 'பேங்கிங்' ஏற்பாடு நெடுங்காலமாக நடந்துவந்தது. மலிவான காலத்தில் போட்ட யூனிட்டை அரிதான காலத்தில் யூனிட்டுக்கு யூனிட்டாக எடுத்தால் இடைவெளிச் செலவை யார் ஏற்பது, அதற்கு எவ்வளவு கட்டணம் விதிப்பது என்ற வழக்குகளும் ஆணைகளும் அங்கே குவிந்துள்ளன. மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறிவிட்ட நிலையில், நண்பகலில் வீடுகள் கம்பிக்குள் தள்ளும் மின்சாரத்துக்கு, ஓர் அடிப்படை அளவைக் கட்டணமின்றி விட்டு, அதற்கு மேற்பட்டதற்குக் கட்டணம் விதிக்க 2021 ஆகஸ்டில் இந்நாட்டின் எரிசக்திச் சந்தை ஆணையம் இசைந்தது. தமிழ்நாட்டில் பருவங்களுக்கு இடையே எழுந்த கேள்வி நார்த்மீடில் நண்பகலுக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையே எழுகிறது. இங்கே விடை தேடுவோர் சென்னையின் ஆணைகளை இன்னும் முறையாகப் புரட்டிப் பார்க்கவில்லை.