கால் மாறி ஆடிய பெருமான் காட்டும் வழி

(ஆனையூர்க் கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

கும்பாபிஷேகத் திருநாளில் பேச வருவோர் ஆகமப் பொருளையோ அடியார் வரலாற்றையோ எடுத்துரைப்பது மரபு. அம்மரபை ஒட்டியே நானும் ஒரு திருவிளையாடலை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கொண்டு நான் பேச விரும்புவது நம் அன்றாட வாழ்வைப் பற்றி. தொழிலுக்கும் இல்லறத்துக்கும் இடையே நின்று இரண்டையும் சுமக்க மாட்டாமல் சோர்ந்து போகிறவர்களைப் பற்றி. இந்த அவையில் அத்தகையோர் சிலரேனும் இருப்பர். அவர்கள் வீட்டில் இருந்துகொண்டு இங்கே வர நேரமில்லாதவர்கள் அதனினும் பலர்.

நம் ஆனையூர் கண்மாயும் வயலுமாக இருந்த ஊர். 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று நம் தெருக்களிலிருந்து விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் புறப்படுவோர் உளர். பகல் முழுதும் பேருந்தோட்டுவோர் உளர். மாசி வீதிகளின் கடைகளில் இரவு வரை நிற்போர் உளர். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் கணிப்பொறி முன் அமர்ந்து, கடல் கடந்த நாட்டின் பகலுக்காகத் தம் இரவை விழித்துக் கழிப்போரும் உளர். உழைப்பு குறைந்த ஊரன்று இது. உழைப்பவர் உள்ளத்தில் மகிழ்ச்சி நிலைக்கிறதா என்பதே நாம் எண்ண வேண்டியது.

இனித் திருவிளையாடலுக்கு வருவோம். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் இருபத்து நான்காவதாக அமைந்தது கால் மாறி ஆடிய படலம். இராசசேகர பாண்டியன் அறுபத்து நான்கு கலைகளுள் பரதம் ஒன்று நீங்க ஏனைய அனைத்தும் கற்றவன். ஆடுதல் தில்லையிலும் வெள்ளியம்பலத்திலும் இறைவன் புரியும் தொழில், அதை மானிடன் பயில்வது தகாது என்று அடக்கத்தோடு விட்டிருந்தான். சோழன் அவையிலிருந்து வந்த புலவன் ஒருவன், எங்கள் மன்னர் அறுபத்து நான்கும் கற்றவர், உமக்கோ பரதம் தெரியாது என்று சொல்ல, பாண்டியனும் ஆடக் கற்கலானான். கற்கத் தொடங்கிய பின்னரே கால் நோவது இன்னதென்று அவனுக்குத் தெரிந்தது. சிறிது காலம் பயின்ற எனக்கே இவ்வளவு நோவு என்றால், ஊழி ஊழியாக ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி நிற்கும் பெருமானுக்கு எவ்வளவு நோகும் என்று அவன் உள்ளம் உருகிற்று. சிவராத்திரியன்று வெள்ளியம்பலத்தின் முன் நின்று, ஊன்றிய காலைத் தூக்கித் தூக்கிய காலை ஊன்றி ஆடியருள வேண்டும், இல்லையேல் வாளின்மேல் வீழ்ந்து உயிர் விடுவேன் என்று வேண்டினான். பெருமானும் அவ்வாறே மாறி ஆடினார். பெரும்பாலான தலங்களில் இடது திருவடியைத் தூக்கி ஆடுபவர் மதுரை வெள்ளியம்பலத்தில் வலது திருவடியைத் தூக்கி ஆடுகிறார்.

இக்கதையில் மூன்று செய்திகள் உள்ளன.

முதலாவது, ஆட்டம் நிற்கவில்லை. ஐந்தொழில் நடத்தும் ஆட்டம் அது, நின்றால் உலகு நின்றுவிடும். பாண்டியன் வேண்டியதும் ஆட்டத்தை நிறுத்தும்படி அன்று, காலை மாற்றும்படிதான். சோர்ந்தவர்களிடம் சிலர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேனும் போய்விடு என்கிறார்கள். குடும்பமும் கடனும் உடையவனுக்கு அது ஆகக்கூடிய காரியமா? வேறு சிலர், உழைப்பே வழிபாடு, ஓய்வு என்பது சோம்பல் என்கிறார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல. பாரம் எப்போதும் ஒரே காலில் நிற்கலாகாது என்பதே வெள்ளியம்பலம் கற்பிப்பது.

இரண்டாவது, பாண்டியன் தான் ஆடிப் பார்த்த பின்னரே பிறர் நோவை உணர்ந்தான். அதற்கு முன்னும் அவன் நாள்தோறும் அத்திருவுருவைத் தொழுதவன்தான். தொழுத கண்ணுக்குத் தெரியாத நோவு, பயின்ற காலுக்குத் தெரிந்தது.

மூன்றாவதே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது. கால் நோகிறது என்று ஆடுகிறவர் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான். உண்மையாக உழைப்பவர்கள் பெரும்பாலும் தம் நோவைத் தாமே சொல்வதில்லை. தாய் சொல்வதில்லை. கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண், வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் சொல்வதில்லை. ஆகவே அவ்வுழைப்பின் பயனை நுகர்கிறவர்களே கேட்க வேண்டும். அரசனே வேண்டுகோள் விடுத்தான் என்பதைப் புரவலப் பெருமக்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இது புராணத்துக்கு மட்டும் உரிய செய்தி என்று எவரும் கருத வேண்டா. நம் மதுரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி ஆலை எழுந்தது. வெயிலைப் பார்த்து வேலை செய்த மக்கள் ஆலைச் சங்கைக் கேட்டு எழத் தொடங்கினர். உழவில் வெயில் ஏறுமுன் ஏரை அவிழ்த்துவிடும் வழக்கம் உண்டு. மாட்டுக்கு இருந்த அந்த ஓய்வும் பொறியோடு பூட்டப்பட்ட மனிதனுக்கு இல்லாமற்போயிற்று. இந்தியாவில் 1881-ஆம் ஆண்டில் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. 1911-ல் நெசவாலைகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி என்று வரம்பு வந்தது. 1922-ல் வாரத்துக்கு 60 மணி ஆயிற்று. 1934-ல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 54 ஆயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும், ஐந்து மணி நேர வேலைக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்றும், வாரம் ஒருநாள் விடுமுறை என்றும் வகுத்தது. ஆலை நின்றுவிடவில்லை. கால் மாறிற்று, அவ்வளவே.

இன்னும் அண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்வோர் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உட்காராமல் நிற்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2018-ல் கேரளமும், 2021-ல் நம் தமிழ்நாடும், ஊழியர்க்கு இருக்கை அளித்தாக வேண்டும் என்று சட்டம் செய்தன. வெள்ளியம்பலத்தான் கால் மாற்றிய மதுரையில், நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி வருவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது! சட்டம் வந்துவிட்டது. நாற்காலி போட்டிருக்கிறதா, அதில் உட்கார்ந்தால் முதலாளி முகம் சுளிக்கிறாரா என்பதைச் சட்டம் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துக்கொண்டிராது. அதைப் பார்க்க வேண்டியது கடைக்காரரின் நெஞ்சமும், துணி எடுக்கப் போகும் நம் கண்ணும்.

உடல் களைப்பு வேறு, உள்ளம் வறண்டு போதல் வேறு. களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். வறட்சி உறங்கி எழுந்தாலும் தீராது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல், நீடித்த பணிச்சுமையால் விளையும் இந்நிலைக்கு மூன்று அடையாளங்கள் கூறிற்று. ஆற்றல் வற்றிப் போதல் ஒன்று. செய்யும் தொழிலின்மேல் பற்றற்று வெறுப்புக் கொள்ளுதல் மற்றொன்று. எதையும் செம்மையாகச் செய்ய இயலாமை மூன்றாவது. அந்நிறுவனமும் உலகத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் உயிரிழந்தனர். ஓய்வு கேட்பவனைச் சோம்பேறி என்று ஏசுமுன் இந்தத் தொகையை நினைவிற் கொள்ள வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். இறகைவிட இலேசான பொருள் உண்டா? ஆயினும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும். இன்றைய சுமையும் அத்தகையதே. இரவு உணவின்போது கைப்பேசியில் வரும் ஒரு சிறு கட்டளை, ஞாயிறன்று ஒரு சிறு கணக்கு, பிள்ளையின் பள்ளி விழாவன்று ஒரு சிறு வேலை, ஒவ்வொன்றும் பீலிதான். முறிந்த பின்னரே வண்டி நிறைந்திருந்தது தெரிகிறது.

மிகுதியாக உழைத்தும் முறியாதவர் உண்டா என்று கேட்பீர்கள். நம் நகரத்திலேயே ஒருவர் வாழ்ந்தார். கண் மருத்துவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முப்பது வயதளவில் மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய அவர், அவ்விரல்களைக் கொண்டே பயின்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தொழிலை இறைபணியாகவே கொண்டவர் அவர். ஆனால் எல்லாவற்றையும் தாமே செய்வதுதான் இறைபணி என்று அவர் எண்ணவில்லை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்தார். கண்ணைச் சோதிப்பதும், நோயாளியை ஆயத்தம் செய்வதும், பின்னர்ப் பேணுவதும் அவர்கள் கைக்குச் சென்றன. அறுவை மருத்துவருக்கு அறுவை மட்டும் எஞ்சியது. சுமை பகிரப்பட்டதால் பணி பெருகிற்று. 2006-ல் அவர் மறைந்த பின்னும் அப்பணி தொடர்கிறது. தன்னாலன்றி எதுவும் நடவாது என்று ஒருவன் எண்ணுவானாயின், அவன் தன்னையும் வருத்துகிறான், தன் தொழிலையும் தன்னோடு முடித்துவிடுகிறான்.

இனி, இல்லத்தைப் பற்றி ஒரு சொல். 2019-ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள் என்றும், அவ்வேலை செய்யும் ஆண் 97 நிமிடம் செலவிடுகிறான் என்றும் கண்டார்கள். பெண் மூன்று பங்கு ஊன்றி நிற்க, ஆண் ஒரு பங்கு ஊன்றுகிறான். வெளியே வேலைக்குச் சென்று திரும்பும் பெண்ணுக்கு மாலையில் இரண்டாவது வேலை அடுக்களையில் காத்திருக்கிறது. மனைவியின் பாத்திரம் துலக்கும் வேலையைக் கணவன் ஒரு திங்கள் செய்து பார்க்கட்டும். பாண்டியன் பரதம் பயின்றது போன்றதே அது. பின்னர் அவனுக்கே வேண்டத் தோன்றும்.

ஆலயத்தைப் பாருங்கள். மீனாட்சியம்மன் திருக்கோயிலில் திருவனந்தல் முதல் பள்ளியறை வரை நாள்தோறும் எட்டுக் கால வழிபாடு. உச்சிக்காலம் முடிந்தபின் நடை சாத்துகிறார்கள். இரவில் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. உலகம் காக்கும் பெருமானுக்கே இல்லம் திரும்பும் நேரம் ஒன்றை நம் முன்னோர் வகுத்திருக்க, கடை அடைக்கும் நேரம் நமக்கு இருக்கலாகாதா?

இன்று நாம் கண்ட கும்பாபிஷேகமும் இதையே சொல்கிறது. திருவுருவைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தனம் எட்டுப் பொருள்களால் ஆகிய மருந்து. எவ்வளவு நன்றாக இடித்துச் சாத்தினாலும் காலத்தால் அது தளரும். ஆகவே பன்னீராண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது மரபாயிற்று. அதற்கெனப் பாலாலயம் செய்து, மூலத் திருமேனியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே வழிபாடு குறையாமல் நடத்துகிறோம். இங்கும் பூசை நிற்கவில்லை, இடம் மாறிற்று. கல்லையும் பீடத்தையும் பிணைக்கும் மருந்தே தளரும் என்றால், கணவனையும் மனைவியையும், தந்தையையும் மகனையும் பிணைக்கும் அன்பு, பேச நேரமின்றிப் பல ஆண்டு கிடந்தால் தளராதா? அதற்கும் அவ்வப்போது புதுமருந்து சாத்த வேண்டும். அம்மருந்து விலை கொடுத்து வாங்குவதன்று. ஒன்றாக உண்ணும் ஓர் உணவு, கைப்பேசி இல்லாத ஒரு மாலை, பெற்றோரோடு கோயிலுக்கு நடந்து வரும் ஒரு நாள், இவையே அதன் சரக்குகள்.

புரவலப் பெருமக்களே, இக்கோபுரத்துக்கு நீங்கள் அளித்த பொருள் பல தலைமுறைக்கு நிற்கும். அதனோடு மற்றோர் அறத்தையும் மேற்கொள்ள வேண்டுகிறேன். உங்கள் கடையிலும் பட்டறையிலும் உழைப்பவர்களை வாரம் ஒருமுறை அழைத்து, கால் நோகிறதா என்று கேளுங்கள். அவர்கள் இல்லை என்பார்கள். மறுபடியும் கேளுங்கள். உழைக்கும் அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாண்டியன் கேட்டபோது பெருமான் எனக்கு நோவில்லை என்று மறுக்கவில்லை, காலை மாற்றினார்.

வெள்ளியம்பலத்தில் ஆடும் பெருமான் ஆனையூர் மக்கள் அனைவர்க்கும் குன்றாத தொழிலையும், வறளாத உள்ளத்தையும், இல்லத்தில் அமைதியையும் அருள்வாராக.