மூன்று முறை எண்ணிய மாணவி
(கங்கைகொண்டானில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இமயமலையில் குளிர்காலப் பனிப்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களால் அளக்கிறார்கள். பனி கண்ணுக்கு வெள்ளை. குற்றலை அகச்சிவப்பில் கருமை. மேகமோ அதிலும் வெளிச்சமாகத் தெரியும். இப்படித்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னேன். “நாங்க பனிமலையே பார்த்ததில்லையே, டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. கார்த்திகை, மார்கழியில் நமக்கு நிறைவது குளம். அதையே அளக்கலாம் என்றேன்.

தண்ணீர் அண்மை அகச்சிவப்பை உறிஞ்சுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 100 கட்டங்கள் ஒரு ஹெக்டேர். பிள்ளைகள் கருப்புக் கட்டங்களை எண்ணினார்கள். குளம் நிறைந்திருக்க, அவளுக்கு மட்டும் பாதிதான் வந்தது. நோட்டில் தவறு போட்டேன்.

“மூணு தடவை எண்ணிட்டேன், டீச்சர்.”

கரைக்குப் போனோம். பாதி நீரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. படத்தில் அது பச்சை வயல்போலத்தான் தெரியும். மற்றவர்கள் குளம் நிறைந்ததென்று நினைத்து அதையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். அங்கேயே அவள் நோட்டைத் திருத்தினேன்.

இஸ்ரோவின் புவன் தளத்தில் நம் ஊர்ப் படங்களும் உண்டு. வகுப்பில் காட்டுங்கள். பிறகு பிள்ளைகளோடு கரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.