விலையில் இறங்கலாம், எடையில் இறங்கலாமா?

(அண்ணாகிராமம் ஒன்றியத்தில் நடைபெற்ற இளைஞர், வணிகர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குமுன் பந்தலுக்கு வெளியே ஒரு வாக்குவாதம் நடந்ததைக் கேட்டேன். "கூட்டணி என்றாலே கொள்கையை விற்பதுதான்" என்கிறார் ஒரு தம்பி. "கொள்கை பேசிக்கொண்டே இருந்தால் கபரஸ்தானுக்கு ஒரு சுற்றுச்சுவர்கூடக் கட்ட முடியாது" என்கிறார் பெரியவர் ஒருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாம் வணிகம் செய்யும் சமுதாயம். பேரம் நமக்குப் புதிதா? பண்ருட்டி முந்திரி மண்டியிலும் நெல்லிக்குப்பம் கடைத்தெருவிலும் விட்டுக்கொடுக்காமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? விலையைக் குறை என்றால் குறைக்கிறோம். அடுத்த வாரம் தருகிறேன் என்றால் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். ஆனால் "விலை அப்படியே இருக்கட்டும், எடையில் மட்டும் கொஞ்சம் கைவை" என்று யாராவது சொன்னால்? விலை என்னுடையது, இறங்குவது என் இஷ்டம். எடை வாங்குபவனின் உரிமை. அதில் கைவைக்க எனக்கு ஏது அதிகாரம்? அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது.

மார்க்க அறிஞர்கள் இந்த வேறுபாட்டுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். தன் உலக லாபத்தை விட்டுக்கொடுத்து மார்க்கத்தையோ பொது நன்மையையோ காப்பது முதாராத். உலக லாபத்துக்காக மார்க்கத்தை விட்டுக்கொடுப்பது முதாஹனத். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் சிரித்த முகம், இரண்டிலும் கைகுலுக்கல்!

ஹுதைபிய்யாவும் தாயிஃபும்

நம் தலைவர்கள் எந்தக் கூட்டணியில் சேர்ந்தாலும் உடனே ஹுதைபிய்யாவைச் சொல்லிவிடுவார்கள். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628. உம்ரா செய்யப் புறப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் சுமார் 1,400 தோழர்களும் மக்காவின் எல்லையில் தடுக்கப்பட்டார்கள். உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை நீக்கு என்றார் குறைஷியரின் தூதர் சுஹைல். நீக்கினார்கள். இந்த ஆண்டு திரும்பிப் போ என்றார். திரும்பினார்கள். உமர் (ரலி) அவர்களுக்கே மனம் ஆறவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் ஏகத்துவத்துக்கு எதிராக ஒரு வரி உண்டா? இணைவைப்புக்கு இடம் தரும் ஒரு ஷரத்து உண்டா?

இதே நபியவர்களிடம் ஹிஜ்ரி 9-இல் தாயிஃபிலிருந்து ஸகீஃப் கோத்திரத்தார் வந்தார்கள். இஸ்லாத்தை ஏற்கிறோம், ஆனால் லாத் சிலையை மூன்று ஆண்டுகள் விட்டுவையுங்கள் என்றார்கள். முடியாது. ஓர் ஆண்டு? முடியாது. ஒரு மாதமாவது? முடியாது. தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டார்கள். அதுவும் முடியாது. எங்கள் கையாலேயே அந்தச் சிலையை உடைக்கச் சொல்லாதீர்கள் என்றார்கள். அதற்கு மட்டும் சரி என்றார்கள், வேறு ஆட்களை அனுப்பினார்கள். ஒரே பேச்சுவார்த்தையில் எதில் உறுதி, எதில் இளக்கம் என்று பாருங்கள். ஹுதைபிய்யாவை ஆயிரம் மேடையில் கேட்டிருக்கிறோம். தாயிஃபை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்?

ஹுதைபிய்யாவில் ஒரு கடினமான இடமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்கோடு தப்பி வந்து நின்றார். ஒப்பந்தப்படி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது இன்னொருவரின் உடல், இன்னொருவரின் வலி. பொறுமையாக இருங்கள், அல்லாஹ் வழி செய்வான் என்றார்கள் நபியவர்கள். வழியும் பிறந்தது. பின்னர் குறைஷியரே அந்த ஷரத்தை நீக்கக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் சகோதரர்களே, நமக்கு வஹீ வருவதில்லை. பாதிக்கப்பட்ட ஒருவனைக் கைவிட்டுவிட்டு "இதுவும் ஹுதைபிய்யாதான்" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பார்க்க எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு

1949 மே மாதம். அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இடஒதுக்கீட்டை நீக்கும் தீர்மானம் வந்தது. முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐஜாஸ் ரசூல் போன்றோர் நீக்கத்தை ஆதரித்தார்கள். கண்ணியமிகு காயிதே மில்லத் எதிர்த்து நின்றார். தோற்கப்போவது அவருக்குத் தெரியாதா? தெரியும். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. வாயைத் திறந்தாலே சந்தேகிக்கப்பட்ட நேரம். இருந்தும் எழுந்து பேசினார். தனித்தொகுதிக் கோரிக்கை ஓர் உபாயமே தவிர ஈமானின் பகுதி அல்ல என்பது என் கருத்து. பிற்காலத்தில் லீக் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. தோற்ற பிறகு அவர் அரசியல் சட்டத்தை ஏற்றார், தேர்தலில் நின்றார், 1962 முதல் மஞ்சேரி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். உபாயத்தை மாற்றிக்கொண்டார். தன் சமுதாயத்தின் பேரால் பேசும் உரிமையை மட்டும் யாருக்கும் அடகு வைக்கவில்லை.

அடகு வைத்தால் என்னவாகும் என்பதற்கும் கேரளத்தில் உதாரணம் உண்டு. 1960-இல் காங்கிரஸோடும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியோடும் சேர்ந்து லீக் தேர்தலில் உழைத்தது. வென்ற பிறகு அமைச்சரவையில் இடமில்லை என்றார்கள். சபாநாயகர் பதவி மட்டும் தந்தார்கள். 1961-இல் சீதி சாஹிப் மறைந்ததும் சி.எச். முஹம்மது கோயா சபாநாயகரானார். எப்படி? லீக்கின் உறுப்பினர் பொறுப்பையே துறந்துவிட்டு! ஓட்டுக் கேட்கும்போது லீக் வேண்டும், நாற்காலியில் உட்காரும்போது லீக் கூடாது. அதே ஆண்டு அவர் அப்பதவியை விட்டு விலகினார். 1967-இல் நம்பூதிரிபாட் அமைச்சரவையில் அதே சி.எச். கல்வி அமைச்சராக, லீக்காரராகவே, நுழைந்தார். 1969-இல் மலப்புரம் மாவட்டம் உருவானது. கடவுளை மறுக்கும் கம்யூனிஸ்டோடு கூட்டா என்று அன்றும் கேட்டார்கள். யாருடன் சேர்ந்தோம் என்பதைவிட என்ன ஆளாகச் சேர்ந்தோம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1992 டிசம்பர் 6-க்குப் பிறகு நடந்ததைப் பேசினால் இங்கேயே இரண்டு அணி பிரிந்துவிடும். ஆனாலும் பேசத்தான் வேண்டும். பாபரி மஸ்ஜிதைக் காக்கத் தவறிய காங்கிரஸோடு அமைச்சரவையில் எப்படித் தொடர்வது என்று கேட்டார் சுலைமான் சேட் சாஹிப். கேரள லீக் தொடர முடிவு செய்தது. 1994-இல் சேட் சாஹிப் தேசிய லீக்கைத் தொடங்கினார். பாணக்காடு ஷிஹாப் தங்ஙள் மக்களை அமைதி காக்கச் சொன்னது பெரும் சேவை. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் அமைதி காப்பதற்கு அமைச்சர் நாற்காலி அவசியமா? வெளியே வந்தும் அமைதி காத்திருக்கலாமே! மறுபக்கம், தனியே போன தேசிய லீக் இடது முன்னணியில் முறைப்படி இடம்பெற 2018 வரை காத்திருந்தது. கொள்கைக்கு விலை உண்டு. அது இல்லை என்று இளைஞர்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன்.

தமிழகத்துக்கு வருவோம். 1998-இல் அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு சேர்ந்தது. 1999-இல் தி.மு.க. சேர்ந்தது. அயோத்தி, 370, பொது சிவில் சட்டம் மூன்றையும் ஒதுக்கிவைக்கச் செய்துவிட்டோம் என்று நமக்குச் சமாதானம் சொன்னார்கள். ஒதுக்கிவைத்தது வேறு, கைவிட்டது வேறு. கடையில் பின் அலமாரிக்குப் போன சரக்கு குப்பைக்குப் போய்விடவில்லை. 2019 ஆகஸ்டில் 370 போயிற்று. 2024 ஜனவரியில் அயோத்தியில் கோயில் திறந்தாயிற்று. அடுத்த மாதமே உத்தரகண்ட் சட்டமன்றத்தில் பொது சிவில் சட்டம் நிறைவேறியது.

2002 மார்ச்சில் பொடா சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது கூட்டணித் தர்மம் என்று கைதூக்கியவர்களில் ம.தி.மு.க.வும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் அந்தச் சட்டத்தின் கீழ் வைகோ கைதானார். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று வென்றது. அ.தி.மு.க.வின் 11 வாக்கும் பா.ம.க.வின் ஒரு வாக்கும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 113-க்கு 117! தோற்றிருக்கும். அந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் வீட்டுப் பொருளையா விட்டுக்கொடுத்தார்கள்? நம் எடையில் அல்லவா கைவைத்தார்கள்!

சிதம்பரத்துப் பாடம்

தூரம் போவானேன், நம் மாவட்டத்தையே பாருங்கள். 1999-இல் தி.மு.க. பா.ஜ.க.வோடு போனதால் மூப்பனாரின் த.மா.கா. விலகி மூன்றாவது அணி கண்டது. ஓரிடத்திலும் வெல்லவில்லை. அந்த அணியில்தான் திருமாவளவன் முதன்முறையாகச் சிதம்பரத்தில் நின்றார். இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கித் தோற்றார். அவருக்கு வாக்களித்த சேரி மக்கள் பட்ட அடி இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2001-இல் அதே திருமாவளவன் பா.ஜ.க.வும் இருந்த தி.மு.க. அணியில், உதயசூரியன் சின்னத்தில் மங்களூர் தொகுதியில் வென்றார். குறைசொல்லச் சொல்லவில்லை. அடிபட்ட மக்களுக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் தேவைப்பட்டார். ஆனால் இரவல் சின்னத்தில் வென்றவர் சட்டப்படி அந்தச் சின்னத்தின் கட்சிக்காரர். 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கொறடா சொன்னபடி கைதூக்க வேண்டும், இல்லையேல் பதவி போகும். 2004 பிப்ரவரியில் அவர் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். 2019-இல் சிதம்பரத்தில் சொந்தமாகப் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வென்றார். அதே தேர்தலில் அவர் கட்சியின் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். சொந்தச் சின்னத்தின் விலை என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

நம் சமுதாய உறுப்பினர்களும் இப்படித்தான். 2004-இல் காதர் மொகிதீன் சாஹிப் வேலூரில் உதயசூரியனில் வென்றார். 2021-இல் பாபநாசத்தில் ஜவாஹிருல்லாஹ்வும் அதே சின்னம். 2019-இல் நவாஸ்கனி ராமநாதபுரத்தில் ஏணியில் வென்றார். இரவல் சின்னம் ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. விலையில் இறங்குவது அது. ஆனால் நம் எடையில் கைவைக்கும் ஒரு மசோதா வந்து, கொறடாவும் வந்தால், பதவியைத் தூக்கி மேசைமேல் வைக்க அந்த ஆள் தயாரா? இதைத் தேர்தலுக்கு முன்பே, ஜமாஅத்தின் முன்னிலையில், அவர் வாயால் கேட்டு வாங்க வேண்டும். வென்ற பிறகு கேட்டால் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சி உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு இப்போதே ஆள் தேடுகிறோம். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே நிற்க யார் வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றியக் கவுன்சிலருக்குத்தான் கட்சிச் சின்னம், அங்கேதான் பேரம் வரும். வணிகப் பெருமக்கள் எல்லாக் கட்சிக்கும் நன்கொடை தருகிறீர்கள், தாருங்கள். (ரசீது வாங்கிக்கொண்டு தாருங்கள்.) ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் எது நம் விலை, எது நம் எடை என்று ஒரு தாளில் எழுதி, ஒன்றியத்தின் எல்லா ஜமாஅத் நிர்வாகிகளும் கையெழுத்திட்டு வையுங்கள். அந்தத் தாளை எழுதும் பொறுப்பை இளைஞர்களிடம் தருகிறேன். முதல் வரைவை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேசுவோம்.